தாளித்த எண்ணெய் குடித்த ஆடு

முதலில் நல்லெண்ணெய் காய்கிற வாசனை வந்தது. அப்புறம் கடுகு வெடித்தது. சீரகம், பெருங்காயம், பூண்டு, கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக உள்ளே விழுந்து சடசடத்தன.

நான் காட்டூரில் மருதமுத்து வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அரியமங்கலத்திலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தவனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் நான் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. வெளியில் கை நனைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் உபசாரத்தை எப்படி மறுப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கும்மா சிரமம், வரும்போதே சாப்பிட்டுட்டேன்" என்று ஆரம்பிப்பது. அவர்கள் வற்புறுத்துவார்கள். "சரி, உங்க மனசு கஷ்டப்படக் கூடாது" என்று முடிப்பது. மறுப்பு மொத்தமே அவ்வளவுதான். பெருங்காய வாசனை வந்தபோது முதல் பாதியையும் விட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

மருதமுத்துவின் மனைவி செல்லம்மா, கரண்டியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே வெளியே வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், வேப்பமரத்தில் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் குந்தினார். அது தானாகவே வாயைத் திறந்தது. மூங்கில் குழாய் வழியாகத் தாளிப்பு முழுவதும் அதன் உள்ளே இறங்கியது. ஆடு நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கிவிட்டு, என்னைப் பார்த்து நிதானமாக ஓர் ஏப்பம் விட்டது. எங்கள் வீட்டு ரசமான சாத்தமுது சாப்பிட்ட மனுஷர் விடுகிற ஏப்பம்.

"நீங்க சொன்ன வைத்தியந்தாங்க டாக்டரய்யா" என்றார் செல்லம்மா.

நான் சொன்னது எண்ணெய் மட்டும். கடுகுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கோ சம்ரக்ஷணம்

நான் கால்நடை வைத்தியம் படித்ததே எங்கள் தெருவில் ஒரு பெரிய செய்தி. அப்பா பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியார். யாராவது என் உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தால், "குமாரன் கோ சம்ரக்ஷணத்தில் இருக்கான்" என்பார். கேட்டவர் பசுவை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆடு, கோழி, பன்றி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

நான் இருந்ததோ அரியமங்கலம் பக்கம் ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரி. மாட்டாஸ்பத்திரி என்று பெயரே தவிர, வருவதெல்லாம் ஆடு. வயிறு உப்பிய ஆடு, நொண்டுகிற ஆடு, ஒரு தடவை முழு வேட்டியையும் விழுங்கிவிட்டு வந்த ஆடு. அந்த வேட்டிக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தார். அவருக்கு ஆடு பிழைப்பதைவிட வேட்டி திரும்பி வருமா என்பதுதான் கவலை.

படிக்கிற காலத்தில் மெட்ராஸில் எங்களுக்கு இறைச்சியைப் பற்றி ஒரு பாடம் உண்டு. நல்ல ஆட்டுக்கறி எப்படி இருக்க வேண்டும், நிறம் என்ன, கொழுப்பு எங்கே படிய வேண்டும், வெந்தால் பதம் என்ன என்று கேள்வி வரும். வகுப்பிலேயே அதில் அதிக மார்க் எனக்குத்தான். ஹாஸ்டலில் தினமும் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னிடம் வந்துதான் சந்தேகம் கேட்டார்கள். நானும் கூச்சமே இல்லாமல் விளக்குவேன். நீந்தத் தெரியாமல் காவிரியின் ஆழத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. நானும் அந்த ஜாதிதான்.

இந்தப் பின்னணியோடுதான் மருதமுத்து என்னிடம் வந்து சேர்ந்தார்.

லாரி டயர்

மருதமுத்து காட்டூரில் கொஞ்சம் வயலும் கொஞ்சம் ஆடும் வைத்திருந்த சம்சாரி. பெரிய மீசை, சின்னக் குரல். ஆஸ்பத்திரிக்கு ஆடு இல்லாமல் வெறும் கையோடு வந்து நின்றார்.

"ஆட்டுக்கு என்ன?" என்றேன்.

"ஆட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. கறிக்குத்தான் வைத்தியம் வேணும்."

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் காமாட்சியைத் துவாக்குடியில் கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டூரில் கறி விருந்து போட்டார். சம்பந்தி பெரியண்ணன் முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் அதை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏங்க, ஆட்ட வெட்டுனீங்களா, லாரி டயர வெட்டுனீங்களா?" என்றார்.

பந்தி சிரித்தது. சிரித்ததோடு போகட்டும் என்றால், சின்னக் குரல்காரருக்கு அன்றைக்கென்று குரல் வந்துவிட்டது. "பல்லு சரியில்லாதவங்களுக்குக் கஞ்சிதாங்க ஊத்தணும்" என்று பதிலுக்குச் சொல்லிவிட்டார். பெரியண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் காட்டூர்ப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. மருமகளைப் பிரசவத்துக்கு மட்டும் அனுப்பினார். குழந்தை தலை நிற்கிறதற்குள் வண்டி வைத்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். தீபாவளி, பொங்கல், ஆடிப்பெருக்கு எதற்கும் காமாட்சி தாய் வீட்டுக்கு வரவில்லை.

"இப்ப பேரனுக்குக் காது குத்து வருதுங்க" என்றார் மருதமுத்து. "அவங்க குலதெய்வத்துக் கோயில்ல. தாய்மாமன் சீரா எங்க வீட்டுலேருந்து கிடா போகணும். அந்தக் கறிய அவங்க பங்காளிக அத்தனை பேரும் திம்பாங்க. மறுபடி டயருன்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா எம் பொண்ண நான் மறந்துற வேண்டியதுதான்."

கடைசி வாக்கியத்தில் அவர் மீசை நடுங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு மனிதர் மகளைப் பார்க்க முடியுமா முடியாதா என்பது ஓர் ஆட்டின் தொடையில் வந்து நிற்கிறது. கறியின் வாசனைகூடத் தெரியாத என்னிடம் அதற்கு மருந்து கேட்கிறார்.

எனக்குப் பாடத்திலிருந்து ஒரு வரி ஞாபகம் வந்தது. தீவனத்தில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் தசைக்குள் கொழுப்பு படியும், கறி மெத்தென்று இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய அனுபவஸ்தன் மாதிரி சொன்னேன்: "எண்ணெய் கொடுங்க."

எந்த எண்ணெய்?

மருதமுத்து மறுநாளே விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டார். அதன் விளைவை இங்கே விவரிக்க வேண்டாம். ஆடு பிழைத்தது. வேப்பமரத்தடியைக் கழுவிவிட வேண்டியிருந்தது.

வேப்பெண்ணெய் வேண்டாம், கறி கசக்கும் என்றேன். கசக்குமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கசக்க வேண்டும் என்று தோன்றியது. கடலையெண்ணெய் ஒரு யோசனை, நல்லெண்ணெய் ஒரு யோசனை. நடுவில் எனக்கே புத்தி போய் ஆஸ்பத்திரியிலிருந்த மீன் எண்ணெய் ஞாபகம் வந்தது. நோஞ்சான் கன்றுகளுக்குக் கொடுக்கிற சரக்கு. காலையில் நேராகக் காட்டூர் போய்விடலாம் என்று ஒரு புட்டியில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. புட்டியின் கார்க் கழன்றுகொண்டது.

முதலில் பக்கத்து சீட்டு மாமி மூக்கைத் தலைப்பால் பொத்தினாள். அப்புறம் முன் சீட்டுப் பெரியவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காவிரியில் ஏதோ செத்து மிதக்கிறது என்று முடிவு கட்டினார். கண்டக்டர் மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டே சீட்டு சீட்டாக வந்து என் பையைக் கண்டுபிடித்தார்.

"என்ன சார், கருவாடா?"

பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் தெரு. நெற்றியில் திருமண்ணோடு உட்கார்ந்திருந்த நான், "மருந்து" என்றேன். யாரும் நம்பவில்லை.

அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏண்டா, என்னடா இது துர்கந்தம்? அப்படியே கொல்லை வழியா போய்த் தீர்த்தமாடிட்டு வா!" என் சட்டை கொள்ளிடத்துக்குப் போனது. திரும்பி வரவில்லை.

ஆட்டுக்கான எண்ணெய் என்று சொன்னதும், "அஜத்துக்கு எதுக்குடா எண்ணெய்?" என்று அப்பா கேட்டார். ஆடு என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வராது.

"ஆரோக்கியத்துக்கு" என்றேன்.

"பேஷ். பிராணிகளோட க்ஷேமம் ரொம்ப விசேஷம். தீர்க்காயுசா இருக்கட்டும்" என்று அந்த அஜத்துக்கு ஆசீர்வாதம் செய்துவிட்டு உள்ளே போனார்.

காலையில் காட்டூர் போய், "மீன் எண்ணெய் கூடாது. ஆடு எந்த எண்ணெயைக் குடிக்கிறதோ அந்த வாசனை கறியில் ஏறும். மீன் வாடை அடிக்கும்" என்று மருதமுத்துவிடம் விளக்கினேன். நல்லெண்ணெயே நல்லது, சின்னக் கரண்டி போதும், கூடினால் ஆட்டுக்கு அசைபோடுவது நின்றுவிடும் என்றும் சொன்னேன்.

கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் செல்லம்மா.

செல்லம்மாவின் கணக்கு

மீன் வாடை ஏறும் என்றால் பூண்டு வாடையும் ஏறத்தானே வேண்டும்? சீரகம் ஏன் ஏறாது? வெட்டிய பிறகு கறியில் மசாலாவைத் தடவுவதைவிட, ஆடு உயிரோடு இருக்கும்போதே உள்ளே அனுப்பிவிட்டால் எலும்பு வரைக்கும் ஊறுமே. இதுதான் அவர் போட்ட கணக்கு. நான் அன்றைக்குக் கயிற்றுக் கட்டிலில் பசியோடு பார்த்தது இதன் விளைவைத்தான்.

"கடுகெல்லாம் வேண்டாம்மா" என்றேன்.

"கடுகு இல்லாம தாளிச்சா அது தாளிப்பாங்க?" என்றார். எங்கள் வீட்டிலும் அதுதான் அபிப்பிராயம்.

ஆட்டுக்கு ராசா என்று பெயர் வைத்திருந்தார். நாளாக ஆக ராசாவுக்கு நாக்கு நீண்டுவிட்டது. அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி நிற்கும். மேலே தாளித்துக் கொட்டினால்தான் தின்னும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேறு. உள்ளேயும் எண்ணெய், வெளியேயும் எண்ணெய். கறுப்பு ரோமம் புதுக் குடை மாதிரி மின்னியது. தெருவில் நடந்தால் காட்டூர் நாய்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றன.

"கறி எப்படிங்க வரும்?" என்று மருதமுத்து அடிக்கடி கேட்பார். நான் ராசாவின் தொடையை விரலால் அமுக்கி, "வரும், வரும்" என்பேன். ராசா என்னைச் சந்தேகமாகப் பார்க்கும்.

துவாக்குடிப் பொட்டல்

காது குத்துக்கு நானும் வந்தே தீர வேண்டும் என்று மருதமுத்து ஒற்றைக் காலில் நின்றார். வீட்டில் மாட்டு முகாம் என்று சொன்னேன். அம்மா ஒரு தூக்கு நிறையப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

துவாக்குடி அப்போது வெறும் பொட்டல். காலேஜ், கட்டடம் எல்லாம் பின்னால் வந்தவை. பாறை, கருவேல மரம், நடுவில் கூரையில்லாத கோயில். சீர்த் தட்டுகளுக்கு முன்னால், கழுத்தில் மாலையோடு ராசா நடந்து வந்ததைப் பார்க்கக் கூட்டமே எழுந்து நின்றது. காமாட்சியின் அண்ணன்தான் தாய்மாமன்; அவன் மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டது, காதும் குத்தியாயிற்று. காமாட்சி ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாமனார் பக்கம் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியண்ணன் ஆஜானுபாகுவான மனிதர். மருதமுத்துவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பங்குக்கு ஒரு கிடாயைக் கட்டியிருந்தார். சீர்க் கிடாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று தேடிப் பிடித்தது. கொம்பு திருகி, தாடி வைத்து, அதுவே ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உதறாமல் வெட்ட மாட்டார்கள்.

பெரியண்ணனின் கிடா முதல் சொட்டிலேயே உதறிவிட்டது. காரியம் முடிந்தது.

அடுத்து ராசா. பூசாரி தண்ணீரைத் தெளித்தார். எண்ணெயில் ஊறிய ரோமத்தில் விழுந்த தண்ணீர், சேம்பு இலையில் விழுந்த மாதிரி உருண்டு கீழே ஓடியது. ராசாவுக்கு நனைந்த சுவடே இல்லை. வாராவாரம் குளித்துப் பழகிய ஆடு வேறு. இன்னும் வரட்டும் என்பது போலக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. செம்பு செம்பாக ஊற்றினார்கள். பூசாரியின் வேட்டி நனைந்தது, மருதமுத்து நனைந்தார், எட்டி நின்ற என் செருப்பு நனைந்தது. ராசா மட்டும் நனையவில்லை.

"என்னய்யா ஆடு இது, உத்தரவே குடுக்க மாட்டேங்குது!" என்று பெரியண்ணன் கத்தினார். மருதமுத்து கைகூப்பிச் சாமியிடம் கெஞ்ச ஆரம்பித்தார். தாளித்ததெல்லாம் சொன்னார். செல்லம்மா, "ராசா, உதறுடா கண்ணு" என்று சேலையால் கண்ணைத் துடைத்தார். உதறினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கருவேல மரத்தடியில் சமையல்காரர் காய்ந்த எண்ணெயில் ஒரு கை மிளகாய் வற்றலைப் போட்டார்.

தாளிப்பு வாசனை வந்ததும் ராசா பரவசமாக மூக்கைத் தூக்கியது. இழுத்து ஒரு மூச்சு விட்டது. உதறப் போகிறது என்றே நினைத்தோம்.

தும்மியது.

பூசாரியின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. நல்ல காரியத்தில் தும்மல்! அதுவும் சன்னதிக்கு நேரே, பலியே தும்மினால்? பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "சாமிக்கு இந்த ஆடு வேணாமாம்" என்றார். மேல்முறையீடு கிடையாது.

இன்னும் ரெண்டு துண்டு

பந்தியில் பெரியண்ணனின் கிடா மட்டும்தான். மருதமுத்து முகம் செத்துப் போய் இலை முன்னால் உட்கார்ந்தார். சீர்க் கிடாயைச் சாமியே திருப்பியனுப்பிய பிறகு இனி என்ன இருக்கிறது? நான் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தேன்.

கறி சாப்பிடாதவனுக்கு ஒரு சௌகரியம், பந்தியில் முகங்களை நன்றாகப் பார்க்கலாம். எல்லாரும் முதல் துண்டை வாயில் போட்டார்கள். மென்றார்கள். பேச்சு நின்றது. தாடைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஒருவர் துண்டை இடப்பக்கக் கடைவாயிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். இன்னொருவர் விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அவரைத் திருப்பி இழுத்தது. பெரிய கிடா என்றால் வயசான கிடா என்பது பெரியண்ணனுக்கு வாங்கும்போது தோன்றவில்லை. கறிக்கு வயசுதான் முக்கியம், எண்ணெய் அப்புறம்தான் என்பது எனக்கும் அந்தப் பாறைமேல்தான் விளங்கியது.

கல்யாண விருந்துக்கு வந்திருந்த பங்காளிகள் மெதுவாக மருதமுத்து பக்கம் திரும்பினார்கள். அந்தச் சொல் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. இன்றைக்கு அதைச் சொல்ல வேண்டியவர் அவர். கறி வாளியோடு நின்ற பெரியண்ணன் அசையவில்லை. கருவேல மரத்தோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காமாட்சி நின்றாள்.

மருதமுத்து மென்றார். மீசை மேலும் கீழும் போய் வந்தது. கண்ணில் நீர் கட்டியது. கடைசியில் கழுத்தை நீட்டி முழுசாக விழுங்கினார். விழுங்கிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பஞ்சு மாதிரி இருக்குங்க சம்பந்தி. இன்னும் ரெண்டு துண்டு போடுங்க."

பஞ்சு என்று யாரும் சொல்லிவிடலாம். இன்னும் ரெண்டு துண்டு கேட்டாரே, அதற்குத்தான் தைரியம் வேண்டும். எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. காரம் என்று சொல்லிச் சமாளிக்க என் வாயில் கறிகூட இல்லை.

பெரியண்ணன் குனிந்து பரிமாறினார். ஏற்கெனவே ஒரு துண்டை ருசி பார்த்திருப்பார் போல, கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்ததும் மருமகளைப் பார்த்தார்.

"ஆடிப்பெருக்குக்கு உங்கப்பா வீட்டுக்குப் போயிட்டு வாம்மா. பேரனையும் தூக்கிட்டுப் போ." கொஞ்சம் நிறுத்தி, "நானே கொண்டாந்து விடுறேன்" என்றார்.

நான் இதையெல்லாம் பார்த்து நெகிழ்ந்துவிட்டுத் தூக்கில் கையை விட்டேன். தூக்கு காலி. நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணந்த எங்கள் அம்மாவின் புளியோதரையை முடித்துவிட்டு, ராசா என்னைப் பார்த்து நிதானமாக ஓர் ஏப்பம் விட்டது.

ஆடிப்பெருக்கன்று காட்டூர் வழியாகப் போனபோது, காமாட்சியின் பிள்ளை வேப்பமரத்தடியில் ராசாவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கயிற்றுக் கட்டிலில் இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அப்பாவின் ஆசீர்வாதம் பலித்து, அந்த அஜம் அப்புறம் வருஷக்கணக்கில் இருந்தது.

பெரியண்ணன் என்னைக் காட்டி, "ஏங்க, இவரு சொன்ன எண்ணெய்க்குக் கறி நெசமாவே நல்லா வருமா?" என்று கேட்டார்.

மருதமுத்து, சமையலறையில் அம்மாவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்த மகளை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கைகண்ட மருந்துங்க. ஆட்ட மட்டும் வெட்டிரக் கூடாது."